பவர் சப்ளை போன சர்வர்: வரிசையாகச் சோதிப்பது எப்படி?

நம் சங்க நூலகத்தின் சர்வர் 2023 மே மாதத்தில் படுத்ததையும் பதினோரு நாள் கழித்து எழுந்ததையும் உறுப்பினர்கள் பலர் அறிவார்கள். அதை எப்படிச் சரி செய்தோம் என்பதை எழுதித் தருமாறு நூலகச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வெறும் கதையாக எழுதுவதைவிடப் பாடமாகவே எழுதிவிடலாம் என்று எண்ணினேன். நாகபுரியில் கடை, கிளினிக், டியூஷன் சென்டர் நடத்தும் நம்மவர்கள் பலரிடம் இப்படி ஒரு பெட்டி மேசைக்கு அடியில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். மின்னியலில் டிப்ளமா பெற்று, 1981 முதல் 2017 வரை ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். கோளாறு என்றால் எங்கிருந்து தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதை ரிலே அறைகளில் கற்றேன். அந்த முறை இந்தப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளை போன சர்வரில் காப்பாற்ற வேண்டிய பொருள் அதற்குள் பதிந்திருக்கும் விஷயம்தான். பெட்டி போனால் வேறு பெட்டி கடையில் கிடைக்கும். ஆகவே சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கி, ஹார்டு டிஸ்க்கில் உள்ள எழுத்து வரை ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். விளக்கு எரிந்து விசிறி சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தாம் பெரும்பாலும் பொருளைத் தொலைக்கிறார்கள்.

சர்வர் என்றால் என்ன?

ரயில்வே முன்பதிவு கவுன்டரில் நின்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கவுன்டரில் இருப்பவரின் மேசையில் உள்ள கம்ப்யூட்டரில் எந்தக் கணக்கும் இல்லை. எந்த வண்டியில் எந்தப் படுக்கை காலி என்ற விவரம் வேறோர் இடத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் அவற்றை வைத்தார்கள். பல பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் வரிசையாக எடுத்துக் கொடுப்பதே அவற்றின் வேலை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் என்று பெயர். 'லிங்க் ஃபெயில்' என்ற அட்டையைப் பார்த்துவிட்டு நாம் வரிசையில் புழுங்கி நின்ற நாட்களில், கவுன்டர் கம்ப்யூட்டர் நன்றாகவே இருந்திருக்கும். பெரிய கம்ப்யூட்டரைத் தொட வழிதான் இருந்திருக்காது.

நம் நூலகத்தின் சர்வர் ஒரு பிரயாணப் பெட்டி அளவுதான். ஓர் அலுவலகம் கழித்ததை 2014-இல் வாங்கினோம். நூல் பட்டியல், உறுப்பினர் விவரம், ஸ்கேன் செய்த பழைய மலர்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. நம் இளைஞர்கள் 2018, 2019 ஆண்டுகளில் இருபத்தாறு பெரியவர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் இந்த ஊருக்கு வந்த கதையைக் குரலில் பதிவு செய்தார்கள். எந்த வண்டியில் வந்தார்கள், முதல் வாடகை என்ன, ஹிந்தியும் மராத்தியும் தெரியாமல் முதல் மாதத்தை எப்படி ஓட்டினார்கள் என்றெல்லாம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுள் ஒன்பது பேர் இப்போது இல்லை. அந்தக் குரல்களுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது என்பது சர்வர் நின்ற அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பவர் சப்ளை செய்யும் வேலை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டரின் உள்ளே வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் டி.சி. இந்த மாற்றத்தைச் செய்யும் தகரப் பெட்டிதான் பவர் சப்ளை. சாதாரண டவர் வகைப் பெட்டிகளில் இருப்பது ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு, இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்டது. அதன் வயர்களின் நிறத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சோதனை எளிதாகிவிடும்.

மஞ்சள்: 12 வோல்ட் (11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்)
சிவப்பு: 5 வோல்ட் (4.75 முதல் 5.25 வரை)
ஆரஞ்சு: 3.3 வோல்ட் (3.14 முதல் 3.46 வரை)
ஊதா: 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (4.75 முதல் 5.25 வரை)
கறுப்பு: பொது வயர், அதாவது பூஜ்யம்
பச்சை: 'ஓடு' என்று மதர்போர்டு கட்டளை தரும் வயர்
சாம்பல்: 'எல்லா வோல்டேஜும் சரி' என்று பவர் சப்ளை பதில் சொல்லும் வயர்

புதிய பவர் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பாகவே வருவதுண்டு. அப்போது 24 பின் கனெக்டரில் பின் எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும். 8-ஆவது சாம்பல், 9-ஆவது ஊதா, 16-ஆவது பச்சை.

இவற்றுள் ஊதா வயரைக் கவனியுங்கள். சர்வரை நிறுத்தியிருந்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். நாம் பட்டனை அழுத்தியதை மதர்போர்டு உணர்வது இந்த மின்சாரத்தால்தான். உணர்ந்ததும் பச்சை வயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். மற்ற வோல்டேஜ்கள் எழும். அவை நிலைபெற்ற பிறகு, சாம்பல் வயரில் அனுமதி வந்தால்தான் பிராசசர் வேலையைத் தொடங்கும். ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் வாங்காமல் வண்டியை விடாததைப் போன்ற ஏற்பாடு இது. வோல்டேஜ் குறைவாக இருந்தால் அனுமதி வராது, வண்டியும் புறப்படாது.

ஏன் கெடுகிறது?

பவர் சப்ளையின் உள்ளே எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளிருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல உலர்ந்து போகும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று எழுதப்பட்ட கெப்பாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக உழைக்கும். அதுவே 75 டிகிரி என்றால் 16,000 மணி நேரம்தான். இரண்டு ஆண்டுகூட வராது. மே மாதத்தில் 45 டிகிரி வெயில் அடிக்கும் நம் ஊரில், கூலர் இல்லாத அறையில், தூசி அடைத்த விசிறியோடு ஓடும் பெட்டியை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நியூட்ரல் கழன்று போவது. மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் பொது நியூட்ரல் எங்காவது தளர்ந்தால், ஒரு ஃபேஸில் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு ஏறக்கூடும். ஒரு வீட்டில் விளக்கு மங்கி, அடுத்த வீட்டில் பளீரென்று எரிந்து பல்பு போனால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மூன்றாவது, மழைக்கு முன் வரும் இடி மின்னல். நான்காவது, மின்சாரம் போய்ப் போய் வருவது. பவர் சப்ளை தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு ஒரு வினாடியின் ஆயிரத்தில் 16 பங்கு அளவுதான் தாக்குப்பிடிக்கும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே ஆயிரத்தில் 20 பங்கு. எனவே கண் சிமிட்டும் நேரத் தடங்கல்கூட சர்வருக்கு முழு இருட்டுதான்.

முதல் விதி: மறுபடி அழுத்தாதீர்கள்

அன்று மாலை மின்சாரம் திரும்பியபோது சர்வரின் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. நூலகத்தில் இருந்த கல்லூரி மாணவன் எனக்குப் போன் செய்தான்.

"தாத்தா, ஃபேன் லேசா அசையுது, அப்புறம் நின்னுடுது. இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. பிளக்கை எடுத்துட்டு, என்னென்ன பார்த்தியோ ஒரு தாள்ல எழுதி வை. நான் வர்றேன்."

வோல்டேஜ் நிலையில்லாதபோது ஒவ்வொரு முறை அழுத்துவதும் ஹார்டு டிஸ்க்கைப் பாதி எழுப்பித் தள்ளிவிடுவது போலாகும். சிக்னல் பிரிவில் எதையும் தொடும் முன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுப்போம். இன்ன கருவி எங்கள் கையில் இருக்கிறது, திருப்பித் தரும்வரை பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் பொருள். இங்கும் ஒரு தாளில் 'தொட வேண்டாம்' என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினோம். எந்த விளக்கு எரிந்தது, என்ன சத்தம், எத்தனை மணிக்கு, கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டோம். கேபிள்கள் இருந்த நிலையைப் போனில் படம் எடுத்தோம்.

எச்சரிக்கை ஒன்று. பவர் சப்ளையின் தகரப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் வரை டி.சி. இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். எல்லா அளவுகளையும் வெளியே வரும் கனெக்டரிலேயே எடுத்துவிடலாம். சர்வரின் உள்ளே கை வைக்கும் முன் பிளக்கை எடுத்து, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி, சில நிமிடம் பொறுத்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: சுவரிலிருந்து உள்ளே

மல்டிமீட்டரை ஏ.சி. பக்கம் வைத்து பிளக் பாயின்டில் அளந்தோம். ஃபேஸ், நியூட்ரல் இடையே 231 வோல்ட். ஃபேஸ், எர்த் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல், எர்த் இடையே 2 வோல்ட்டுக்கும் கீழே. இந்தக் கடைசி அளவு பத்து, இருபது என்று காட்டினால் கட்டடத்தின் வயரிங்கைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. வீட்டில் செய்பவர்கள் இந்த அளவுகளை எலக்ட்ரீஷியனை வைத்தே எடுங்கள்.

அடுத்தது யு.பி.எஸ். மின்சாரம் இருக்கும்போது அது 228 வோல்ட் தந்தது. அதன் பிளக்கை எடுத்து, 100 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டதும் இரண்டே வினாடியில் அணைந்துவிட்டது. பேட்டரி செத்துப்போய் எவ்வளவு நாளாயிற்றோ! பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆக, மின்சாரம் போன கணத்திலேயே சர்வரும் நின்றிருக்கிறது என்று தெரிந்தது. இது பின்னால் ஹார்டு டிஸ்க்கைப் பார்க்கும்போது உதவியது.

பிறகு பவர் கார்டு. வேறு நல்ல கார்டை மாற்றிப் பார்த்தோம். பலன் இல்லை. இப்போது கோளாறு பெட்டிக்குள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாம் படி: நடுவில் பிரித்துப் பார்ப்பது

பிளக்கைச் சொருகி, பட்டனை அழுத்தாமல், ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே டி.சி. அளந்தோம். 5 இருக்க வேண்டிய இடத்தில் 4.3 வோல்ட்.

இங்கே அவசரப்படாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பவர் சப்ளையால் 5 வோல்ட் தர முடியவில்லையா, அல்லது மதர்போர்டில் உள்ள ஏதோ ஒரு கசிவு அதைக் கீழே இழுக்கிறதா? சிக்னல் கேபிளில் வோல்டேஜ் குறைந்தால், லொகேஷன் பெட்டியில் இணைப்பைப் பிரித்து இரு பக்கமும் தனித்தனியே அளப்போம். கோளாறு எந்தப் பாதியில் என்று ஒரே அளவில் தெரிந்துவிடும். அதேபோல் இங்கும் பிளக்கை எடுத்து, மதர்போர்டிலிருந்து கனெக்டர்களை முழுவதும் கழற்றி, மறுபடி பிளக்கைச் சொருகி அளந்தோம். தனியாக இருந்தபோதும் 4.3 தான். மதர்போர்டு நிரபராதி, குற்றவாளி பவர் சப்ளை. கழற்றியதும் 5-க்கு ஏறியிருந்தால் தீர்ப்பு நேர்மாறாக இருந்திருக்கும்.

ஊதா வயர் சரியாக இருந்து மற்றவை எழாவிட்டால், தனியாகக் கழற்றிய பவர் சப்ளையில் பச்சையையும் ஏதேனும் ஒரு கறுப்பையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்து, பழைய விசிறி ஒன்றைச் சுமையாகக் கொடுத்து மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு வயர்களை அளக்கலாம். சாதாரண ஏ.டி.எக்ஸ். பெட்டிக்கு மட்டுமே இது பொருந்தும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் கனெக்டர் அமைப்பு வேறாக இருக்கும். அங்கே கம்பியைக் கொண்டு போகாதீர்கள். அவற்றில் மதர்போர்டிலேயே ஒரு சிறிய மேற்பார்வைக் கம்ப்யூட்டர் உண்டு. எந்த நிமிடத்தில் எந்த வோல்டேஜ் இறங்கியது என்று அதுவே குறித்து வைத்திருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். அத்தகைய சர்வர்களில் இரண்டு பவர் சப்ளை இருப்பதும் வழக்கம். ஒன்று போனால் மற்றது தாங்கும். ஆனால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த பாக்ஸ் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

நான்காம் படி: புதியதைப் பொருத்துதல்

புதிய பவர் சப்ளை வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. மதர்போர்டின் 24 பின், பிராசசருக்கான 8 பின், டிஸ்க்குகளுக்கான கனெக்டர் ஆகிய எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கேபிளைக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், பழைய பவர் சப்ளையின் கேபிளை ஒருபோதும் புதியதில் சொருகாதீர்கள். டிஸ்க் பக்கம் கனெக்டர் ஒரே மாதிரி இருக்கும். பவர் சப்ளை பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வயரை மாற்றி வைத்திருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் அந்தக் கணமே எரிந்துவிடும்.

பொருத்தியதும் எல்லாவற்றையும் இணைத்துவிடவில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்குகளின் கேபிள்களையும் கழற்றி வைத்தோம். மதர்போர்டு, பிராசசர், ஒரே ஒரு மெமரி கார்டு, திரை, கீபோர்டு இவ்வளவுதான். புதிய பவர் சப்ளையின் நடத்தையைத் தெரிந்துகொள்ளும் முன் பொக்கிஷத்தை அதன் கையில் கொடுப்பானேன்?

விசிறி சீராகச் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் ஒலி மட்டும் வந்தது. பீப்பின் பொருள் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். எங்கள் போர்டின் கையேட்டின்படி அது மெமரியைக் குறித்தது. கார்டை எடுத்து, தொடுமுனையைத் துடைத்து, அழுத்திப் பொருத்தியதும் திரை வந்தது. மற்ற கார்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரவு முழுவதும் மெமரி சோதனையை ஓடவிட்டோம். பிழை இல்லை.

ஐந்தாம் படி: காசு அளவுப் பேட்டரி

திரையில் தேதி 2012 ஜனவரி 1 என்றிருந்தது. மதர்போர்டில் ஐந்து ரூபாய்க் காசு போல் ஒரு பேட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று பெயர். 3 வோல்ட் இருக்க வேண்டும்; எங்களுடையது 2.4 காட்டியது. பிளக் சுவரில் இருந்தவரை ஊதா வயரின் மின்சாரம் கடிகாரத்தை ஓட்டியதால், இது தீர்ந்துபோனது யாருக்கும் தெரியவில்லை.

சில ரூபாய்ப் பொருள்தான். ஆனால் இதை விட்டுவிட்டால் வேறு தொல்லைகள் வரும். சர்வர் எழுதும் குறிப்புகளில் எல்லாம் தவறான தேதி விழும். தேதியைப் பார்த்துப் பிரதி எடுக்கும் புரோகிராம்கள் புதியதைப் பழையது என்று நினைத்துவிடும். வெளியே இணைப்பு எடுக்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று மறுக்கப்படும். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, டிஸ்க்குகளின் வரிசை முதலிய அமைப்புகள் முன்போல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம்.

ஆறாம் படி: முதலில் பிரதி, பிறகு எல்லாம்

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பெட்டி ஓடுகிறது, டிஸ்க்கை மாட்டி ஆன் செய்யலாமே என்றார்கள் சிலர். சங்க ஆண்டு விழாவும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் 2 டெராபைட் டிஸ்க் இரண்டு, கண்ணாடி முறையில் இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். திடீரென்று மின்சாரம் போனால் இரண்டும் கடைசிக் கணத்தில் சற்று மாறுபடலாம். சர்வர் எழுந்ததும், ஒன்றைச் சரியானது என்று வைத்துக்கொண்டு மற்றதை அதன்படி திருத்த ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே நலிந்த டிஸ்க் ஒன்று இருந்தால், மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையில் அது விழுந்துவிடலாம்.

டிஸ்க்கில் உள்ள கோப்பு முறைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டேஷனில் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டர் இருக்கிறதல்லவா? பக்கத்து ஸ்டேஷனோடு பரிமாறிக்கொண்ட பிரைவேட் நம்பரை அதில் எழுதிய பிறகே வண்டி விடப்படும். நடுவில் ஆள் மாறினாலும், எந்த வண்டி எந்தப் பிரிவில் நிற்கிறது என்று புதியவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அதேபோல் கோப்பு முறையும், செய்யப்போகும் மாற்றத்தை 'ஜர்னல்' என்னும் பதிவேட்டில் முதலில் எழுதுகிறது. மின்சாரம் போய் வந்ததும் அதைப் படித்து, பாதியில் நின்ற வேலையை முடிக்கிறது அல்லது தள்ளிவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அட்டவணையைக் காக்குமே தவிர, கடைசி நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் தராது. மேலும் அது நாம் கேட்காமலே டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். நலிந்த டிஸ்க்கில் எழுதவிடுவது ஆபத்து.

ஆகவே புதிய டிஸ்க் இரண்டு வரவழைத்தோம். வேறொரு கம்ப்யூட்டரில், பழைய டிஸ்க்குகளைப் படிக்க மட்டும் அனுமதித்து ஒவ்வொன்றாக மாட்டினோம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் அறிக்கையைப் பார்த்தோம். அதில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்கள் முக்கியம். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட பகுதிகள். 197 என்பது படிக்கத் தடுமாறித் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. 198 என்பது திருத்த முடியாதவை. முதல் டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யம். இரண்டாவதில் 197-க்கு நேரே 14.

பிரதி எடுக்க டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவசப் புரோகிராமைப் பயன்படுத்தினோம். அது எளிதில் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் டிஸ்க்கின் பிரதி ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது மறுநாள் மதியம் வரை இழுத்தது; சில துண்டுகள் வரவே இல்லை. முதல் டிஸ்க் முழுமையாக வந்துவிட்டதால் அதனால் நஷ்டமில்லை. இரண்டாவதைச் சரியானதாக எண்ணிச் சர்வர் முதலாவதைத் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாக்குவாதம் செய்த நண்பர்களே பிறகு கேட்டுக்கொண்டார்கள்.

ஏழாம் படி: பட்டியலை நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்

பிரதியை மேலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதில் கோப்பு முறைச் சோதனையை ஓட்டினோம். தவறினாலும் மூலம் பத்திரம். பிறகு புதிய டிஸ்க்குகளைக் கண்ணாடி முறையில் அமைத்துச் சர்வரை எழுப்பினோம்.

கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. பெயர் இருப்பதால் பொருள் இருக்கிறது என்றாகிவிடாது. மூன்று இளைஞர்கள் அமர்ந்து இருபத்தாறு குரல் பதிவுகளையும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் கேட்டார்கள். மலர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பக்கங்களைப் புரட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தன. மறைந்த பெரியவர் ஒருவரின் குரல் வந்தபோது, நூலகத்துக்குப் புத்தகம் மாற்ற வந்திருந்த அவருடைய மருமகள் நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு கோப்பு பாதியில் நின்றது. மின்சாரம் போன நேரத்தில் சர்வரில் ஏறிக்கொண்டிருந்த, 2023 மே மாதம் எடுத்த புதிய பதிவு அது. பதிவு செய்த மாணவன் அதைத் தன் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருந்ததால் மீண்டும் ஏற்றினோம். இந்த நிகழ்ச்சி முழுவதிலும் நான் சொல்ல வந்தது அந்த ஒரு கோப்பில் அடங்கியிருக்கிறது. இன்னொரு பிரதி இருந்தது, பிழைத்தது.

இனி என்ன ஏற்பாடு?

கண்ணாடி முறையில் இரண்டு டிஸ்க் இருப்பதைப் பிரதி என்று எண்ண வேண்டாம். ஒரே பெட்டியில், ஒரே பவர் சப்ளையில் இருப்பவை ஒரே அடியில் போகக்கூடும். தவறுதலாக ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது நல்ல விதி. இப்போது சர்வரில் ஒன்று, நூலக பீரோவில் தனி டிஸ்க்கில் ஒன்று, புனேயில் உள்ள உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். புனேப் பிரதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் போய் வருகிறது.

யு.பி.எஸ். பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர். கணக்குப்படி 84 வாட் அவர் ஆற்றல். 100 வாட் சுமைக்கு 50 நிமிடம் வர வேண்டும். நடைமுறையில் பாதியைக்கூட எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே அதை வேலை தொடர்வதற்காக வைக்கவில்லை. சர்வர் ஒழுங்காக நிற்பதற்காக வைத்திருக்கிறோம். யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு கேபிள் சர்வருக்குப் போகிறது. மின்சாரம் போய் ஐந்து நிமிடம் ஆனால் சர்வர் தானே எழுதுவதை முடித்து அணைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்பு வைத்துப் பேட்டரியைச் சோதிக்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஞாயிறு, வெயில் ஏறும் முன், பீரோவில் உள்ள பிரதியிலிருந்து ஒரு மலரையும் ஒரு குரலையும் வேறு கம்ப்யூட்டரில் மீட்டுப் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பிரதி, ஊதிப் பார்க்காத நாதஸ்வரம் மாதிரி. சபையில் எடுக்கும்போதுதான் அதன் குறை தெரியும். விரும்பும் உறுப்பினர்கள் வந்து பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்து வந்தால் மல்டிமீட்டர் பிடிக்கவும் கற்றுக் கொடுக்கிறேன்.

வீட்டில் சர்வர் இல்லாதவர்களும் இன்று இரவே ஒன்று செய்யலாம். அம்மாவின் குரல், அப்பாவின் கையெழுத்து, பழைய கல்யாணப் படங்கள் எந்த ஒரே இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த 'ஒரே' என்ற சொல்லை நீக்கிவிடுங்கள்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள் (விடைகள் அடுத்த இதழில்)

1. ஊதா வயரில் 4.2 வோல்ட். கனெக்டரைக் கழற்றியதும் 5.05 வோல்ட். கோளாறு எங்கே?

2. 105 டிகிரியில் 5000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய எத்தனை ஆண்டு வரும்?

3. ஒரு கடையில் இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர் இருக்கிறது. யு.பி.எஸ். ஒன்றுதான் உண்டு, இன்னொரு பிளக் பாயின்ட் நேரடியாகச் சுவரில் இருக்கிறது. பவர் சப்ளைகளை எப்படிச் சொருகுவீர்கள்? ஏன்?

4. கண்ணாடி முறையில் உள்ள இரண்டு டிஸ்க்கில் ஒன்று நலிந்தது. சர்வரை ஆன் செய்யும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன?